சம்பந்தி என்ன சொல்லுறார்

என் புருஷன் லெனாட்டைப் போல அடக்கமான மனுசன் குருநகரிலேயே இல்லையாம். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஒருமுறை சுவாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் இவரைத்தான் உதாரணம் காட்டுகிறார் என்று பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்து வைத்தேன். அந்த அடக்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான் அல்லவா, அவர்களுக்கு என்ன தெரியும்.

கடலைப் பற்றி இவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் யார் எதைக் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், பெரியாக்களைக் கேளுங்கோ" என்பார். சங்கத்தில் தலைவராக வரச் சொல்லிக் கேட்டபோதும் அதே பதில்தான். கேட்டவர்கள் மனம் குளிர்ந்து போவார்கள். கேட்டதற்கு மறுமொழி கிடைக்கவில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் அவர்களுக்கு உறைக்கும்.

என் தம்பி அருட்செல்வனை அந்த அடக்கம்தான் கொண்டு போனது என்று நான் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அது வாடைக்காற்றுக் காலம். பின்னேரம் தொழிலுக்கு வெளிக்கிட்டவர்களை வழியனுப்ப இவரும் கரையில் நின்றார். வடக்கே மேகம் கட்டியிருந்த விதம் இவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வள்ளத்தை ஓட்டிய மூத்தவர் போகலாம் என்று சொல்லிவிட்டார், இவர் வாயை மூடிக்கொண்டார். தம்பி போன அந்த வள்ளம் திரும்பவில்லை, அவனுடைய உடல்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோது, "பெரியாக்கள் நிக்கேக்கை நான் என்னண்டு சொல்லுறது" என்றார். அதற்குப் பிறகு இவரை யாராவது அடக்கமானவர் என்று புகழ்ந்தால் எனக்கு வயிறு எரியும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒரே பிள்ளை டிலக்ஷிக்குக் கலியாணம் பேசி வந்தபோது, இத்தனை காலமும் நான் திட்டித் தீர்த்த அந்த அடக்கம் திடீரென்று எனக்குத் தேவைப்பட்டது. மாப்பிள்ளை றெக்சன். பிள்ளைகள் இரண்டும் முதலில் விரும்பி, பிறகு பெரியவர்கள் பேசி ஒப்பேற்றிய சம்பந்தம். றெக்சனின் தகப்பன் கனிசியஸ் பெரிய சம்மாட்டி. வள்ளங்களும் மீன்வாடியும் உள்ளவர், சத்தமாகக் கதைப்பவர், மனம் மோசமில்லை. ஆனால் தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டுப் பழக்கமில்லாதவர். நாங்களோ ஒரு சின்ன வள்ளத்தோடு சீவிக்கிறவர்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அடங்கிப் போனால்தான் காரியம் நடக்கும் என்று நான் இவருக்குப் புத்தி சொன்னேன். இவருக்கே அதைச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் எதைத் தொடங்கினாலும் பெண்ணின் தகப்பனைப் பார்த்து, "சம்பந்தி என்ன சொல்லுறார்?" என்று கேட்பார்கள். அது மரியாதைக்குக் கேட்பது. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: "நீங்கள் சொன்னாச் சரி." நாள் வைத்தபோதும், மண்டபம் பேசியபோதும், கூறைச் சேலை எடுத்தபோதும் கனிசியஸ் கேட்டார், இவரும் அழகாகச் சொன்னார். அந்தப் பதிலுக்கென்றே பிறந்த மனுசன் போல இருந்தார்.

ஆனி மாதம் அந்தோனியார் திருநாள் வந்தது. மகனுக்கு நல்லபடி சம்பந்தம் அமைந்தால் பிள்ளைகள் இருவரையும் தீவிலுள்ள அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோய் மெழுகுதிரி கொளுத்துவிப்பதாகக் கனிசியஸின் மனைவி றோஸ் நேர்த்தி வைத்திருந்தா. திருநாள் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிப்பதாகவும் ஏற்பாடு. கனிசியஸ் புதிதாக இறக்கிய பெரிய பைபர் வள்ளத்தில்தான் பயணம்.

விடியவே வெளிக்கிடுவதாகத்தான் கதை. ஆனால் நெல்லியடியிலிருந்து வரவேண்டிய சொந்தக்காரர் பிந்தினார்கள், அவர்களுக்காகக் காத்திருந்தோம். அதற்குள் புது வள்ளத்தில் போகவேண்டும் என்று ஆசைப்பட்ட அயலட்டைச் சனம் முழுவதும் ஏறிவிட்டது. கனிசியஸ் யாரையும் தடுக்கவில்லை. வாருங்கோ, வாருங்கோ என்று கைபிடித்து ஏற்றினார். உயிர்காப்பு அங்கிகள் ஐந்தாறு இருந்தன, அவற்றின்மேல் சாப்பாட்டுச் சட்டிகளை அடுக்கியிருந்தார்கள். தென்மேற்குச் சோளகக் காற்று எழும்பத் தொடங்கிவிட்டது. இறங்குதுறைக்குள் அது பெரிதாகத் தெரியாது. மண்டைதீவைத் தாண்டினால்தான் அலை பக்கவாட்டில் வந்து அறையும்.

நானும் இவரும் கடைசியில் ஏறுவதற்காகத் துறையில் நின்றோம். இவர் வள்ளத்தின் பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு கோடு அடித்திருந்தது. பாரம் ஏற்றும்போது அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே நிற்கவேண்டும். எனக்கும் அது தெரியும், நானும் கடற்கரையில் பிறந்தவள். நான் பார்த்தபோது அந்தக் கோடே தெரியவில்லை, தண்ணீருக்குள் போயிருந்தது.

டிலக்ஷி வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் இருந்தாள். றோஸின் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பின்னால் எஞ்சினில் றெக்சன். இவருடைய தாடை இறுகுவதை நான் கண்டேன். இவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இருபது வருஷமாக நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தம்பி ஞாபகத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்போகும் அறிவித்தல்தான் ஞாபகத்தில் நின்றது. இவருடைய கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினேன்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஒண்டும் கதைக்காதையுங்கோ" என்றேன்.

கனிசியஸ் வள்ளத்தின் நடுவில் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்ப வெளிக்கிடுவம். சம்பந்தி என்ன சொல்லுறார்?" என்றார். கேட்டுவிட்டு, பதில் வந்துவிட்டதாகவே எண்ணி, கயிற்றைக் கழற்றச் சொல்லக் கையைத் தூக்கினார்.

இவர் சொன்னார்: "ஆக்கள் கூடிப்போச்சு அண்ணை."

மெதுவாகத்தான் சொன்னார். கனிசியஸ் பகிடி என்று நினைத்துச் சிரித்தார், அவரோடு சேர்ந்து வேறு சிலரும் சிரித்தார்கள். இவர் என் கையை விலக்கிவிட்டு ஒரு அடி முன்னால் போனார். இந்தமுறை குரலை உயர்த்தினார். என் வாழ்நாளில் இவர் அப்படிச் சத்தம் வைத்துக் கதைத்து நான் கேட்டதில்லை.

"ஒரு பத்துப் பதினைஞ்சு பேர் இறங்கவேணும். இல்லாட்டி என்ரை பிள்ளையை நான் இறக்குறன்."

சிரித்தவர்கள் கனிசியஸைத் திரும்பிப் பார்த்தார்கள். கனிசியஸின் முகம் கறுத்தது.

"என்ரை வள்ளத்தைப் பற்றி நீர் எனக்குச் சொல்லுறீரோ?"

"ஓம் அண்ணை" என்றார் இவர்.

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இந்த மனுசன் வாய் திறக்கத் தேர்ந்தெடுத்த நாளைப் பார் என்று மனதுக்குள் கொதித்தேன். கனிசியஸ் என்னென்னவோ சொன்னார். ஒரு சின்ன வள்ளம் வைத்திருக்கிறவர் தனக்குக் கடல் படிப்பிக்க வந்துவிட்டார் என்றார், நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமாகக் கதைக்கிறார் என்றார். அடக்கமான மனுசன் என்று நம்பித்தான் சம்பந்தம் வைத்தேன் என்றும் சொன்னார். இவர் மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவ்வளவுதான்.

டிலக்ஷி றெக்சனைப் பார்த்தாள். அவன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மடியிலிருந்த பிள்ளையை றோஸிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி துறையில் இறங்கினாள். என் பிள்ளையின் கலியாணம் என் கண்ணெதிரிலேயே முறிந்துவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது. அப்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அருமைநாயகி மாமி தனக்கு முழங்கால் நோகிறது என்று சொல்லிக்கொண்டு இறங்கினா. நல்லாய் இருந்த முழங்கால் அது. அடுத்து ஒருத்தி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். பிறகு இன்னும் சிலர், ஆளுக்கொரு சாட்டுச் சொல்லிக்கொண்டு. கனிசியஸ் போதும் என்று கத்தினார், வள்ளம் புறப்பட்டது. சிவப்புக் கோடு தெரிந்ததா என்று நான் பார்க்கவில்லை, எனக்குக் கண்ணீர் மறைத்தது.

அன்று முழுக்க இவர் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் சின்ன வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றி, எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி, நீளமான கயிறொன்றை எடுத்து வைத்துக்கொண்டு துறையிலேயே இருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் பகிடி பண்ணிவிட்டுப் போனார்கள். நான் வீட்டில் செபமாலையோடு இருந்தேன். வள்ளம் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்றுதான் செபித்தேன். உள்ளுக்குள் வேறொரு மனமும் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகாமல், ஆனால் வள்ளத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் ஏறி, எல்லோரும் நனைந்து நடுங்கி வந்தால் நல்லது என்று அது கெஞ்சிக்கொண்டிருந்தது. அப்படி வந்தால் எங்கள் பக்கம் சரியாகிவிடும் அல்லவா.

பொழுது சாய்கிற நேரம் நானும் துறைக்குப் போனேன், வள்ளம் வந்தது. பாட்டும் கைதட்டுமாக, ஒருவர் உடுப்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்தார்கள். கனிசியஸ் துறையில் குதித்து, அந்தோனியார் கோயிலில் மந்திரித்துச் சாப்பிடக் கொடுத்த பாண் துண்டை என் கையில் வைத்தார்.

"இந்தாருங்கோ. ஒருத்தரும் சாகேல்லை" என்றார்.

சனம் சிரித்தது. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். வெட்கம் இருக்கும், கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. இவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் அப்படியொரு சந்தோஷம் அந்த முகத்தில் வந்தது. தான் சொன்னது பிழையாய்ப் போனதில் ஒரு மனுசனுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா? "கடவுளுக்கு நன்றி அண்ணை" என்று சொல்லி, அவர்களுடைய கயிற்றை வாங்கிக் கட்டினார். அடக்கம் என்றால் என்ன என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது பிழை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தபோது இவருக்கு அது ஒரு செலவும் வைக்கவில்லை, புகழ்தான் வந்தது. அன்றைக்குத்தான் இவர் தன்னுடைய மானத்தைக் கொண்டுவந்து அந்தத் துறையில் வைத்திருந்தார்.

ஆனால் புத்தியில் பட்டது வயிற்றில் இறங்க நேரம் எடுக்கும். அடுத்த நாள் றோஸ் வந்தா. ஞாயிறு முதல் பூசை முடிந்து சனம் முற்றத்தில் நிற்கும்போது, லெனாட் தான் சொன்னது பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னால், அடுத்த பூசையில் அறிவித்தல் வாசிக்கப்படும், இல்லையென்றால் இல்லை என்று கனிசியஸ் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது றோஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல்தானே, அடக்கமான மனுசனுக்கு அது என்ன பெரிய காரியம், பிள்ளைக்காகச் சொல்லிவிடுங்கள் என்று அழுதேன். டிலக்ஷி அறைக்குள் இருந்து வெளியே வந்து, என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்தது. கனிசியஸ் முற்றத்து வேப்பமரத்தின்கீழ் நின்றார். துறையில் நின்ற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். இவர் நேரே போய்க் கை கூப்பினார். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"நாலுபேருக்கு முன்னாலை உங்களைத் தலைகுனிய வைச்சுப்போட்டன். அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"அப்ப சொன்னது பிழையெண்டு ஒத்துக்கொள்ளுறீர்."

"அது எனக்குத் தெரியாது. கொஞ்சப்பேர் இறங்கினபடியாலை வந்து சேர்ந்தியளோ, இறங்காட்டிலும் வந்திருப்பியளோ, எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாயிருந்தது, சொன்னன். நாளைக்கும் அப்பிடி ஏத்தினா நாளைக்கும் சொல்லுவன்."

கூப்பிய கையை எடுக்காமலே சொன்னார். கனிசியஸ் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அடுத்த பூசையில் யார் யாருடைய பெயரோ வாசிக்கப்பட்டது, எங்கள் பிள்ளையின் பெயர் இல்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கடற்கரை வீதியில் வரும்போது, நான் இருபது வருஷமாக இவரைத் திட்டுவதற்கு மட்டுமே எடுத்த தம்பியின் பெயரை எடுத்தேன். அன்றைக்கு அருளுக்கும் இப்படிச் சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பானா என்று கேட்டேன்.

"நிண்டிருக்க மாட்டான்" என்றார் இவர். சிறிது தூரம் போனபின், "ஆனா நான் சொல்லியிருக்கவேணும்" என்றார்.

இருவரும் அந்த வீதியிலேயே நின்று அழுதோம். பார்த்தவர்கள் கலியாணம் குழம்பியதற்கு அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

கலியாணம் நடந்தது. றெக்சன் நடத்தினான். தகப்பனோடு சண்டை போடவில்லை, தான் வேறு ஒருத்தியையும் கட்டப்போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பாட்டில் தொழிலுக்குப் போய் வந்தான். மாதக்கணக்கில் அதையே சொன்னான். கடைசியில் கனிசியஸ் இறங்கி வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாகக் கோயிலில் வந்து நின்றார், விருந்தில் சாப்பிட்டார், இவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சம்பந்தி என்ன சொல்லுறார் என்று ஒருமுறைகூடக் கேட்கவுமில்லை.

றோஸின் நேர்த்தி மட்டும் மிச்சமிருந்தது. மாசி மாதம் கடல் அடங்கியதும் அதே வள்ளத்தில் போவதாக முடிவாயிற்று. கனிசியஸ் இந்தமுறை அளவாகத்தான் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். அப்படியும் கடைசி நேரத்தில் சிலர் தொற்றிக்கொண்டார்கள். நான் புதுச் சேலை உடுத்திருந்தேன். என் பிள்ளை மெழுகுதிரி கொளுத்துவதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று இரவெல்லாம் நித்திரை கொள்ளவில்லை. நாங்கள் ஏறி இருந்தோம். றெக்சன் எஞ்சினில் கையை வைத்தான். கனிசியஸ் அவனைத் தடுத்தார்.

கடலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார், இவர் பக்கம் திரும்பவில்லை. "சம்பந்தி என்ன சொல்லுறார்?"

கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். கை தூக்கவில்லை, கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னாச் சரி என்று சொல்லிவிடுங்கள் என்று மனம் கத்தியது. கிள்ளுவதற்குக் கையும் போனது. ஆனால் கிள்ளவில்லை.

இவர் எட்டி வள்ளத்தின் பக்கத்தைப் பார்த்தார். வானத்தையும் பார்த்தார்.

"ரெண்டு பேர் இறங்கினா நல்லது அண்ணை."

கனிசியஸ் இப்போது திரும்பினார். "ஆர்?"

"நானும் பெர்னடெட்டும்."

நாங்கள் இருவரும் இறங்கினோம். கனிசியஸ் "அப்ப கயித்தைக் கழட்டி விடும் சம்பந்தி" என்றார். இவர் கழற்றி விட்டார். டிலக்ஷி அணியத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பெற்ற பிள்ளையின் நேர்த்தியைப் பார்க்கவிடாத மனுசன் என்று நான் இவரைத் திட்டத் தொடங்கினேன். திட்டிக்கொண்டே துறையின் விளிம்புக்குப் போய்க் குனிந்து, அந்தச் சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.